இடி, வெடி, நாய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கு ஐப்பசி கொஞ்சம் பொல்லாத மாதம். வடகிழக்குப் பருவமழையும் தீபாவளியும் கைகோத்துக்கொண்டு வரும். ஒரு வாரம் வானம் இடிக்கும், மறுவாரம் தெரு வெடிக்கும். அந்தச் சமயத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். இன்றைக்கே தீபாவளி என்றால் மற்றதை அப்புறம் படித்துக்கொள்ளலாம். "எதுவும் தயார் செய்யவில்லை" என்று தொடங்கும் கேள்விக்கு நேராகப் போய்விடுங்கள்.

புது ஆள் வாசலில் நின்றால் பாய்கிற நாய், இடி இடித்தால் மட்டும் கட்டிலுக்கு அடியில் ஓடுகிறதே, ஏன்?

தைரியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆள் வந்தால் எங்கிருந்து வருகிறான், எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று நாய்க்குத் தெரியும். குரைத்தால் அவன் நின்றுவிடுவான் என்பதும் தெரியும். இடியிடம் குரைத்து என்ன பயன்? எங்கிருந்து வருகிறது, அடுத்தது எப்போது என்று எதுவும் தெரியாது. திடீரென்று வரும், வீடே அதிரும், எங்கே ஓடினாலும் துரத்தும்.

நாய்க்குக் காது கூர்மை என்பதும் உண்மைதான். நம் காதுக்குச் சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை எட்டினால் நாய்க்குச் சுமார் 45,000 வரை எட்டும். ஆனால் அதை மட்டுமே காரணமாகச் சொல்ல முடியாது. ஒரே வீட்டில் ஒரே உணவைத் தின்று வளரும் இரண்டு நாய்களில் ஒன்று சரவெடிச் சத்தத்தில் தூங்கும், இன்னொன்று நடுங்கும். பிறவிக் குணம், குட்டியாக இருந்தபோது கேட்ட சத்தங்கள், எப்போதோ ஒரு முறை நடந்த மோசமான அனுபவம், உடல் வலி எல்லாம் இதில் கலந்திருக்கின்றன. பின்லாந்தில் 13,700 நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் விவரம் கேட்டு 2020-இல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் 32 சதவீத நாய்களுக்கு ஏதாவது ஒரு சத்தம் ஆகாது என்று தெரியவந்தது, பட்டாசுதான் முதலிடம். ஆகவே "நாம் சரியாக வளர்க்கவில்லையோ" என்று மனதைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம்.

இடி வருவதற்கு அரை மணி நேரம் முன்பே எங்கள் நாய் மூச்சிரைக்க ஆரம்பித்துவிடுகிறது. அதற்கு எப்படித் தெரிகிறது?

காற்று திரும்புவது, வெளிச்சம் மங்குவது, மண்வாசம், தூரத்து மின்னல், நம் காதுக்கு எட்டாத தூரத்து உறுமல் எல்லாமே அதற்கு அறிவிப்புதான். காற்றழுத்தம் குறைவதையும் உணர்கிறது என்று சொல்வார்கள்.

நாம் கொடுக்கும் அறிவிப்புகளும் உண்டு. மாடியில் காயும் துணியை எடுக்கத் தடதடவென்று ஓடுகிறோம். ஜன்னல்களைப் படபடவென்று சாத்துகிறோம். டிவி வயரைப் பிடுங்குகிறோம். ஒவ்வொரு முறையும் இதற்குப் பின்னால் இடி வந்தால், துணி எடுக்க ஓடுவதே நாய்க்கு முதல் இடி ஆகிவிடும். அடுத்த முறை கவனித்துப் பாருங்கள், துணிக்கூடையைக் கையில் எடுத்ததும் காது மடிகிறதா என்று. மடிகிறது என்றால் மழை இல்லாத நாட்களிலும் கூடையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டு வந்து, ஒரு துண்டு முட்டை கொடுங்கள். அந்த ஒரு அறிவிப்பையாவது பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

பட்டாசுப் பயத்தைவிட இடிப் பயத்தைக் குறைப்பது கடினமாக இருப்பதும் இதனால்தான். பட்டாசு என்பது பெரும்பாலும் சத்தமும் புகையும். இடி ஒரு முழு நாடகம்.

நடுங்கினால்தானே பயம்? எங்கள் நாய் அசையாமல் சமத்தாகப் படுத்திருக்கிறது.

அசையாமல் இருப்பது சில நேரம் பயத்தின் உச்சம். வால் வயிற்றோடு ஒட்டியிருக்கிறதா, காது பின்னால் மடிந்திருக்கிறதா, கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். வெயிலும் ஓட்டமும் இல்லாமல் மூச்சிரைப்பது, எச்சில் ஒழுகுவது, தூக்கம் வராத கொட்டாவி, காரணமில்லாமல் உதட்டை நக்குவது, நம் காலை விட்டு அகலாமல் ஒட்டிக்கொண்டே நடப்பது எல்லாம் இதே வகை. முற்றிய நிலையில் கதவைப் பிறாண்டும், ஜன்னல் கம்பியைக் கடிக்கும், நகமும் பல்லும் உடையும் அளவுக்குப் போகும்.

எளிதான அளவுகோல் ஒன்று உண்டு. அதற்கு ரொம்பப் பிடித்த தின்பண்டத்தை மூக்கருகே நீட்டுங்கள். வாங்கித் தின்றால் பயம் கட்டுக்குள் இருக்கிறது. வெடுக்கென்று விரலோடு சேர்த்துப் பிடுங்கினால் ஏறிக்கொண்டிருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டால், அந்த நேரத்தில் எந்தப் பயிற்சியும் ஏறாது.

பயப்படும்போது தடவிக்கொடுத்தால் பயம் அதிகமாகும், கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்கிறார்களே?

இது பழைய நம்பிக்கை, இன்னும் போகமாட்டேன் என்கிறது. உட்காரச் சொல்லிப் பிஸ்கட் கொடுத்தால் நாய் மறுபடியும் உட்காரும். ஏனென்றால் உட்காருவது அது தானாகச் செய்யும் செயல். பயம் அப்படியில்லை. பேய்க்கதை கேட்டுப் பயந்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டால், நாளைக்கும் மடி கிடைக்குமே என்று அது வேண்டுமென்று பயப்படுமா? நாயும் அப்படித்தான்.

மடியில் வர விரும்பினால் வரட்டும். தடவினால் அமைதியாகிறது என்றால் நீளமாக, மெதுவாகத் தடவுங்கள். பீரோவுக்குப் பின்னால் போய்ப் படுக்க விரும்பினால் அதையும் விடுங்கள், இழுத்து வெளியே போடாதீர்கள். நாம் பதறுவதுதான் கூடாது. "ஐயோ செல்லம், என்னாச்சு" என்று வீட்டில் நான்கு பேர் சுற்றி நின்று கத்தினால், உண்மையிலேயே ஏதோ நடக்கப்போகிறது என்றுதான் அது நினைக்கும்.

வெடிக்கும் இடத்திலேயே கட்டி வைத்தால் நாளடைவில் பழகிவிடாதா?

பழகாது. பயம் முற்றும். தப்பிக்க வழியில்லாமல் பயத்திலேயே வைத்திருந்தால் அடுத்த ஆண்டு கேப் வெடிக்கும் துப்பாக்கிச் சத்தத்துக்கே நடுங்கும். அப்படிக் கட்டி வைத்த நாய் ஒருநாள் அடங்கிப் படுத்துவிட்டது என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. அது பழகிய நாய் அல்ல, கைவிட்ட நாய்.

சரி, பிறகு என்னதான் வழி?

சத்தம் வந்தால் நல்லது நடக்கும் என்று நாயை நம்ப வைப்பதுதான் வழி. இதற்குப் பயிற்சியாளர்கள் கவுண்டர் கண்டிஷனிங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், செய்வது எளிது. சத்தம் கேட்கிறது, உடனே ருசியான ஒன்று வருகிறது. அவ்வளவுதான். அது உட்கார வேண்டியதில்லை, அமைதியாக இருக்க வேண்டியதில்லை. நடுங்கிக்கொண்டே தின்றாலும் கணக்கில் சேரும்.

வரிசை முக்கியம். முதலில் சத்தம், பிறகு தீனி. மாற்றிச் செய்தால், "பனீர் வந்தால் பின்னால் வெடி வரும்" என்று கற்றுக்கொண்டு பனீரைக் கண்டாலே ஓடும் நாய்கள் இருக்கின்றன.

சமையலறையில் இதை நன்றாகப் பார்க்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கன்னி இனக் கலப்பு நாய் ஒன்று, குக்கர் விசில் என்றால் கொல்லைப்பக்கம் ஓடிவிடும். அந்த வீட்டு அம்மா குக்கர் மூடியை மூடும்போதே, வேகவைத்த கோழி ஈரலைச் சின்னச் சின்னத் துண்டாக்கி ஒரு கிண்ணத்தில் போட்டு மேடைமேல் தயாராக வைத்துக்கொள்வார். நாய் கொல்லைக் கதவருகே இருக்கும், கதவு திறந்தே இருக்கும். விசில் அடித்து அடங்கியதும் ஒரு துண்டு அதன் பக்கமாகப் பறக்கும். கூப்பிடுவது, கொஞ்சுவது எதுவும் கிடையாது. முதலில் விசில் அடங்கி வெகு நேரம் கழித்துத்தான் வந்து மோந்து பார்க்கும். பிறகு விசில் முடிந்ததும் தலையை நீட்டியது. இப்போது புஸ்ஸென்று ஆவி வர ஆரம்பித்ததுமே சமையலறை வாசலில் வந்து, மேடையைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்கிறது. சாதம் வைக்கிற வேலையோடு வேலையாக நடந்து முடிந்த பயிற்சி இது.

நாய் வளர்ப்பவர்கள் என்னென்ன செய்து பார்த்தார்கள், எது பலன் தந்தது என்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ஸ்டெஃபனி ரீமர் 2020-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். 1,225 பேர் பதில் சொன்னார்கள். வெடிச்சத்தம் கேட்கும்போதே தீனியோ விளையாட்டோ கொடுத்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் பலன் கிடைத்ததாகச் சொன்னார்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. பதிவு செய்த சத்தத்தை வைத்துப் பழக்கியவர்களில் பாதிக்குச் சற்று மேல். ஹோமியோபதி, மூலிகை, மலர் மருந்து போன்றவை இவற்றுக்கெல்லாம் வெகு கீழே. இது வளர்ப்பவர்களின் சொந்த மதிப்பீடுதான், ஆய்வகச் சோதனை அல்ல. இருந்தாலும் செலவே இல்லாத வழி முன்னால் நிற்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

இடிக்கும் இதையே செய்யலாம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 3 நொடி என்றால் சுமார் 1 கிலோமீட்டர் தூரம். நிதானமாகப் பதினைந்து இருபது எண்ணிய பிறகு வருகிற இடி மெல்லிய உறுமலாகத்தான் கேட்கும். பயிற்சிக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஒவ்வொரு உறுமலுக்குப் பிறகும் ஒரு துண்டு. மழை நெருங்கி நெருங்கி, இடைவெளி மூன்று நான்கு நொடியாகி, நாய் தின்ன மறுத்தால் நிறுத்திவிட்டு அதன் ஒளிவிடத்துக்கு விட்டுவிடுங்கள். ஏப்ரல், மே மாதக் கோடை மழை இதற்கு நல்ல வாய்ப்பு. இடி அதிகம், ஆனால் ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் ஓய்ந்துவிடும்.

பதிவு செய்த வெடிச்சத்தத்தை வைத்து எப்படிப் பழக்குவது?

ஆடியில் தொடங்குங்கள். ஐப்பசிக்கு மூன்று மாதம் இருக்கும். (ஆடியில் அம்மன் கோயில் ஸ்பீக்கர் வேறு கட்டியிருப்பார்கள். அது ஓய்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

இணையத்தில் பட்டாசுச் சத்தம், இடிச்சத்தம் நிறையக் கிடைக்கும். போன் ஸ்பீக்கர் போதாது. அணுகுண்டின் அடிச்சத்தம் அதில் வராது. நல்ல ப்ளூடூத் ஸ்பீக்கர் வேண்டும். முதல் நாள் உங்களுக்கே காது கொடுத்துக் கேட்டால்தான் கேட்கும் அளவில் வையுங்கள். நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டால் அளவு சரி. எழுந்து வேறு அறைக்குப் போனால் அதிகம். ஒரு வெடி, ஒரு துண்டு. ஐந்து நிமிடத்துக்குமேல் வேண்டாம்.

ஒலியைக் கூட்டுவதில்தான் எல்லோரும் கெடுப்பார்கள். மூன்று நாள் ஒழுங்காக இருந்தது என்று நான்காம் நாள் பாதிக்கு ஏற்றிவிடுவார்கள். சத்தம் கேட்டதும் நாய் உங்கள் கையைப் பார்க்க வேண்டும், "எங்கே என் பங்கு?" என்று. அந்தப் பார்வை வராமல் ஒரு புள்ளிகூட ஏற்றாதீர்கள். ஸ்பீக்கரை ஒரே இடத்தில் வைக்காமல் ஒருநாள் ஜன்னலோரம், ஒருநாள் வராந்தா என்று மாற்றுங்கள். நிஜத்தில் வெடி எங்கிருந்தும் வரும்.

வீட்டுக்குள் நன்றாகப் பழகிய நாய் நிஜ வெடிக்கு நடுங்கினால் ஏமாற்றமாக வேண்டாம். அதிர்வும் புகையும் ஸ்பீக்கரில் வராது. முன்பு இரவு முழுக்க நடுங்கியது ஒரு மணி நேரத்தில் தேறினால் அதுவே நல்ல பலன்.

குட்டிக்கு இப்போதே பழக்கலாமா?

கண்டிப்பாக. மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை குட்டி உலகத்தை ஏற்றுக்கொள்ளும் பருவம். சாப்பிடும்போது பக்கத்து அறையில் எவர்சில்வர் தட்டை வைக்கும் சத்தம், மிக்ஸி, கதவு, தூரத்து மேளம் எல்லாம் மெதுவாக அறிமுகமாகட்டும். வேடிக்கை காட்டுகிறேன் என்று காதருகில் பலூனை உடைக்கும் மாமாக்களிடமிருந்து மட்டும் காப்பாற்றுங்கள்.

இன்றைக்கே தீபாவளி. எதுவும் தயார் செய்யவில்லை. என்ன செய்யலாம்?

இன்று பழக்க முடியாது, சமாளிக்கலாம்.

தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை வெடிக்கலாம் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்புக்குப் பிறகு வந்த ஏற்பாடு. நடப்பது என்ன என்று உங்களுக்குத் தெரியும். எண்ணெய்க் குளியல் முடித்த கையோடு விடியலுக்கு முன்பே முதல் சரம் கொளுத்தப்படும். ஆகவே காலை நடையை நம்பாதீர்கள். முந்தின இரவு, தெரு அடங்கியபின் ஒரு முறை வெளியே கூட்டிப்போய்விடுங்கள். பண்டிகையன்று மதியம் விருந்து முடிந்து ஊரே உறங்கும் இரண்டு மூன்று மணி நேரம் ஓரளவு அமைதியாக இருக்கும். நீண்ட நடைக்கு அதுதான் நேரம். வயிறும் அப்போதே காலியாகிவிட்டால் இரவில் வெளியே போக வேண்டிய அவசியம் குறையும். சாயங்காலச் சாப்பாட்டையும் 5 மணிக்கே முடித்துவிடுங்கள்.

வீட்டில் தெருவைப் பார்க்காத அறை எது? நடு அறை, ஸ்டோர் ரூம், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இடம், குளியலறை, எதுவானாலும் சரி. நாயே ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைத்திருந்தால் அதுதான் சிறந்த இடம். பழைய போர்வை, நீங்கள் உடுத்திக் கழற்றிய சட்டை, தண்ணீர் வையுங்கள். ஜன்னல் திரையை இழுத்து, விளக்கைப் போட்டுவிட்டால் வெளியே அடிக்கும் வெளிச்சம் தெரியாது. மின்விசிறியை வேகமாக வைத்து, டேபிள் ஃபேனையும் ஓடவிடுங்கள். ஒரே சீராக இரையும் சத்தம் வெளிச் சத்தத்தை ஓரளவு விழுங்கும். டிவியில் பட்டிமன்றம் ஓடினாலும் பரவாயில்லை. ஆனால் வெடிச்சத்தத்தை முழுக்க அமுக்கும் அளவுக்குக் கூட்டிவிடாதீர்கள், அது இன்னொரு தொல்லையாகிவிடும்.

அறைக் கதவைப் பூட்ட வேண்டாம். வாசல் கதவைப் பூட்டுங்கள். சங்கிலியில் கட்ட வேண்டாம். மிரண்டு பாயும் நாய் சங்கிலியில் சுற்றிக்கொண்டு கழுத்தை நெரித்துக்கொள்ளும். வீட்டில் யாராவது ஒருவர் கூட இருங்கள். தின்னும் நிலையில் இருந்தால் ஒவ்வொரு பெரிய வெடிக்குப் பிறகும் ஒரு துண்டு கோழியோ முட்டையோ கொடுத்துக்கொண்டே இருங்கள்.

பலகாரம் கொடுக்காதீர்கள். லட்டிலும் பாயசத்திலும் இருக்கும் உலர்ந்த திராட்சை நாய்க்கு விஷம், சிறுநீரகத்தைப் பாதிக்கும். சாக்லேட்டும் ஆகாது. தீபாவளி லேகியம் நமக்குத்தான்.

காதில் பஞ்சு வைக்கலாமா?

வேண்டாம். உள்ளே போய்விட்டால் எடுக்க மருத்துவரிடம் ஓட வேண்டும், பண்டிகை நாளில் அவர் கிடைக்கமாட்டார். மெல்லிய பருத்தித் துணியைக் காதுகளின் மேல் தளர்வாகச் சுற்றிவிடலாம். நாய் காலால் தள்ளிவிட்டால் விட்டுவிடுங்கள்.

உடம்பைச் சுற்றி இறுக்கமாகத் துண்டு கட்டினால் அடங்குமா?

சில நாய்களுக்குப் பயன்படுகிறது. மேலே சொன்ன ரீமரின் ஆய்வில் இறுக்கமான சட்டையைப் போட்டுப் பார்த்தவர்களில் 44 சதவீதம் பேர் பலன் இருந்ததாகச் சொன்னார்கள். வேறு நாட்களில் போட்டுப் பழக்கியிருக்க வேண்டும், பயம் வந்த நேரத்தில் பிடித்துக் கட்டக் கூடாது. சென்னை, கடலூர் மாதிரிப் புழுக்கமான ஊர்களில் மூச்சிரைக்கும் நாய்க்குத் துணி சுற்றினால் உடல் சூடு ஏறிவிடும், கவனம்.

மருந்து கொடுக்கலாமா? நாயைப் போதையில் வைப்பது பாவமில்லையா?

நடுங்கி, எச்சில் வடித்து, நகம் உடையப் பிறாண்டும் நாயை அப்படியே விடுவதுதான் எனக்குப் பாவமாகப் படுகிறது. எல்லா வழியும் தீர்ந்தபின் கடைசியாக மருந்து என்று நினைக்க வேண்டாம். கடுமையாகப் பயப்படும் நாய்க்கு மருந்து இருந்தால்தான் தின்னவே முடியும், தின்றால்தான் பயிற்சி ஏறும். ஒவ்வொரு பண்டிகையும் பயத்தை இன்னும் ஆழமாகப் பதிக்கிறது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கால்நடை மருத்துவர்கள் சூழ்நிலைக்கு ஏற்ப டிராசோடோன், கபாபென்டின், அல்பிரசோலம் போன்றவற்றை எழுதுவார்கள். சத்தப் பயத்துக்கென்றே உருவான மருந்தும் உண்டு. டெக்ஸ்மெடிடோமிடின் என்ற மருந்தை ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே தடவும் ஜெல்லாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015-இல் அனுமதித்தது. எது உங்கள் நாய்க்கு என்பதை எடை, வயது, இதயம், கல்லீரல், ஏற்கெனவே சாப்பிடும் மருந்து எல்லாம் பார்த்து அவர்தான் சொல்ல வேண்டும்.

மருத்துவரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். ஒன்று, ஒத்திகை. பண்டிகைக்கு ஓரிரு வாரம் முன்பு அமைதியான ஒருநாளில் ஒரு வேளை கொடுத்துப் பார்க்க வேண்டும். சில நாய்களுக்கு அமைதிக்குப் பதில் பரபரப்பு வரும், அது தீபாவளி இரவில் தெரியவரக் கூடாது. இரண்டாவது, நேரம். பயம் ஏறியபின் கொடுக்கும் மாத்திரை பாதிகூட வேலை செய்யாது, முதல் வெடிக்கு எவ்வளவு முன்னால் கொடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். மூன்றாவது, அசிப்ரோமசின் மட்டும் எழுதியிருந்தால் வேறு வழி உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். அது உடம்பை அடக்கும், பயத்தை அடக்கும் என்று சொல்ல முடியாது. பார்ப்பவர்களுக்குத் தூங்குவதுபோல் தெரியும், நாய்க்கு ஓட முடியாமல் போயிருக்கும்.

வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரை, சளிக்குக் கொடுக்கும் மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். மனிதர்களுக்கான சில சிரப்புகளில் இனிப்புக்குச் சைலிட்டால் சேர்த்திருப்பார்கள். அது நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கி உயிருக்கே ஆபத்தாகும். "ஒரு மூடி பிராந்தி ஊற்றினால் படுத்துவிடும்" என்று சொல்லும் பெரியவர் எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார். அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள், செய்யாதீர்கள்.

ஏழு வயதுவரை வெடிக்கு அசையாத நாய், இந்த ஆண்டு திடீரென்று பயப்படுகிறது. என்ன காரணம்?

முதலில் வலி இருக்கிறதா என்று பாருங்கள். மூட்டுத் தேய்மானம், இடுப்பு வலி, பல், காது. சத்தத்துக்குத் திடுக்கிட்டுத் தசை இறுகும்போது வலிக்கும், அடுத்த முறை சத்தத்தையே வலியாக நினைத்துக்கொள்ளும். பிரிட்டன், பிரேசில் ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில் சத்தத்துக்குப் பயப்படும் 20 நாய்களை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் வலி இருந்த நாய்களுக்கு இந்தப் பயம் தொடங்கிய வயது, மற்றவற்றைவிடச் சராசரியாக ஏறக்குறைய நான்கு ஆண்டு தள்ளியிருந்தது. மாடிப்படி ஏறத் தயங்குகிறதா, சோபாவில் தாவுவதை நிறுத்திவிட்டதா என்று யோசித்துப் பார்த்து, அதையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். வலிக்கு வைத்தியம் நடந்தால் பயமும் குறைய வழியுண்டு.

எங்களுடையது வெள்ளை ராஜபாளையம். எந்த வெடிக்கும் அசைவதில்லை. இனத்தின் வீரமா?

காதைச் சோதித்துப் பாருங்கள். ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு. முதுகுப்பக்கம், அதன் கண்ணில் படாமல், தரையில் அதிர்வு வராமல் கை தட்டிப் பாருங்கள். காது கேளாத நாய்க்கும் அதிர்வும் பளீர் வெளிச்சமும் தெரியும் என்பதால் அந்த இரவில் அதையும் உள்ளேதான் வைத்திருக்க வேண்டும். சிவகாசியும் ராஜபாளையமும் ஒரே விருதுநகர் மாவட்டத்தில் இருப்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

மிரண்டு ஓடிவிட்டால்?

ஓடாமல் பார்ப்பது எளிது, தேடுவது கடினம். பண்டிகை வாரம் முழுக்க, பகலிலும், கயிறு இல்லாமல் வெளியே விடாதீர்கள். கழுத்துப்பட்டை மட்டும் போதாது. பின்னால் இழுத்தால் தலை வழியே கழன்றுவிடும். மார்பைச் சுற்றும் ஹார்னஸும் சேர்த்துப் போடுங்கள். பட்டையில் இரண்டு போன் எண்கள் இருக்கட்டும். தோலுக்கு அடியில் அடையாள மைக்ரோசிப் பொருத்தியிருந்தால் அதில் பதிவான எண் இன்னும் உங்களுடையதுதானா என்று பாருங்கள்.

ஓடிவிட்டால், கண்ணில் பட்டதும் துரத்தாதீர்கள். பயத்தில் இருக்கும் நாய் உங்களையும் அடையாளம் காணாது. பக்கவாட்டில் உட்கார்ந்து, வழக்கமான குரலில் பேசி, தீனிப் பொட்டலத்தைச் சரசரக்க வையுங்கள். சத்தம் ஓய்ந்த பின்னிரவில் பெரும்பாலும் அருகிலேயே ஏதாவது வண்டிக்கு அடியிலோ சாக்கடைப் பாலத்தின் கீழோ இருக்கும்.

தெருநாய்களுக்கு நாம் என்ன செய்ய முடியும்?

கேட்டைத் திறந்து வைத்து, வண்டி நிறுத்தும் இடத்தில் இரண்டு சாக்கு போட்டுவைத்தால் போதும், அவையே வந்து ஒதுங்கும். அடுக்குமாடியில் படிக்கட்டுக்குக் கீழே இடம் விடலாமா என்று சங்கத்தில் முன்கூட்டியே பேசிவையுங்கள். மாலை வெடிக்கு முன்பே சோறு போட்டுவிடுங்கள். பதுங்கியிருக்கும் நாயைக் கையை விட்டு இழுக்காதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். எவ்வளவு சாதுவான நாயும் அப்போது கடிக்கும். கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும். காலையில் வண்டியை எடுக்கும்முன் குனிந்து அடியில் பாருங்கள்.

வாலில் சரம் கட்டுவது, நாய்மேல் வெடியை எறிவது விளையாட்டல்ல, குற்றம். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் இன்னும் அதிகபட்சம் 50 ரூபாய்தான், ஒரு பெட்டி வெடி விலைகூட இல்லை. ஆனால் விலங்கைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 325-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. தெருநாயும் அதில் அடங்கும்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது?

"வெடிக்காதீர்கள்" என்று போனால் சண்டைதான். "அணுகுண்டு மட்டும் எத்தனை மணிக்கு வைக்கப்போகிறீர்கள்?" என்று கேளுங்கள். நேரம் தெரிந்தால் மருந்தையும் நடையையும் அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் இருந்தால் ஒரு பெட்டி புஸ்வாணமும் சங்குசக்கரமும் வாங்கிக்கொண்டு போங்கள். உங்கள் நாயின் பெயரைத் தெரிந்த பிள்ளை அதன் ஜன்னலுக்குக் கீழே சரம் வைக்காது. பேச்சுக்கு மசியாத இடத்தில் சட்டம் இருக்கிறது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டும் வெடிக்குத் தடை, இரவு 10 முதல் காலை 6 வரை வெடிக்கக் கூடாது. காவல்துறையின் 100-ஐ அழைக்கலாம்.

முடியாது என்று சொல்பவர்களுக்கு வேட்டங்குடியைக் காட்டலாம். சிவகங்கை மாவட்டத்துப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியிலும் வேட்டங்குடிப்பட்டியிலும், கண்மாய் மரங்களில் கூடு கட்டும் பறவைகளுக்காகப் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடிப்பதில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல் நடக்கக் கூட்டிப்போகலாமா?

துப்புரவுப் பணியாளர்கள் தெருவைக் கூட்டிய பிறகு போங்கள். வெடிக்காமல் கிடக்கும் வெடியையும் வெடிமருந்து சிந்திய காகிதத்தையும் நாய் மோந்து நக்கிவிடும். பேரியம், பெர்குளோரேட் போன்ற ரசாயனங்கள் அதில் உண்டு. வாந்தி, தள்ளாட்டம், நடுக்கம் வந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள், முடிந்தால் அந்தக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு. திரும்பி வந்ததும் பாதங்களைக் கழுவிவிட்டு, விரலிடுக்கில் கம்பி மத்தாப்பின் கம்பி ஏதாவது குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். மிச்ச வெடிகளைப் பிள்ளைகள் கார்த்திகை வரை தீர்த்துக்கொண்டிருப்பார்கள். அதுவரை ஹார்னஸைக் கழற்றி வைக்க வேண்டாம்.